நீங்கிய காரணம்

நூற்றாண்டு மலருக்குப் பள்ளி வரலாறு வேண்டுமாம்,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.
தலைமையாசிரியை பீரோ சாவியை என் மேசையில் வைத்துவிட்டு
சத்துணவுக் கணக்குப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் சேர்க்கைப் பதிவேட்டின் முதுகு
தனியாக என் கையோடு வந்தது.

திருச்சி ரோட்டு வாசல் வளைவில்
ஆள் உயர எழுத்தில் ஒரு மில் முதலாளி,
நிறுவியவர் என்று.
பதிவேடு வேறு ஆளைச் சொல்கிறது:
பஞ்சு நிறுக்கும் குமாஸ்தா சென்னியப்பன்,
பிளேக்கு ஓய்ந்தபின் காலியாய்க் கிடந்த தகரக் கொட்டகை,
பதினோரு பையன்கள்.
மணி வாங்கக் காசில்லை.
மில் சங்கு ஊதினால்
அப்பன் அந்த வாசலில் நுழைவான்,
மகன் இந்த வாசலில்.

பிறந்த தேதி: ஜூன் ஒன்று.
அடுத்தவனுக்கும் ஜூன் ஒன்று.
பக்கம் பக்கமாய் ஜூன் ஒன்று.
தலைக்கு மேலே கையை வளைத்து
மறுகாதைத் தொட்டவனுக்கெல்லாம் வயது ஐந்து.

கடைசிக் கட்டத்தில்தான் நின்றுவிட்டேன்.
நீங்கிய காரணம்:
மில் வேலை.
மேற்படி.
மேற்படி.
ஆனைமலை எஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.
காய்ச்சல்.
மேற்படி.
இருநூற்றுப் பன்னிரண்டு, மாகாளி, தகப்பன் ரங்கன்,
சேர்ந்த ஒன்பதாம் நாள் நீங்கினான்.
காரணம் எழுதவில்லை.
பேனா யோசித்து நின்ற இடத்தில்
ஒரு மைப்பொட்டு.
அந்த மாதச் செலவுச் சீட்டில்:
தண்ணீர்ப் பானை, இரண்டாவது, ஓரணா.
சிறுவாணிக் குழாய் வந்த வருசம்
பானைச் செலவு நின்றுபோகிறது.
மாகாளி திரும்பி வந்ததாக எழுத்து இல்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த மதியம்
பழனாத்தாள் வந்தார்.
"அறுபத்தொம்பதுல எட்டாவது இங்கதானுங்க.
பென்சனுக்குப் பேரு ஒத்துவரலீங்கறாங்க."
தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன்.
மூவாயிரத்து எழுபத்தாறு. காரணம், கல்யாணம்.

"கல்யாணமா?"
நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"அது எழுபத்தஞ்சுலதானுங்க ஆச்சு.
அப்ப பொட்டப்புள்ளைகளுக்குக் கக்கூசு ஏதுங்க?
சங்கு ஊதற வரைக்கும் அடக்கிட்டு உக்காரோணும்,
இல்லீன்னா ஊட்டுக்கு ஓடோணும், ரெண்டு மைலு.
ஒருநா ஓடுனவ திரும்பி வரல.
அதை எழுத வாத்தியாருக்குக் கூச்சமாட்ட இருக்குது."
கொஞ்சம் பொறுத்து,
"பொறவு ரீலிங்குக்குப் போனனுங்க.
மில்லுல இருந்துச்சு" என்றார்.

கட்டட வளர்ச்சி என்றொரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.
கொடிமேடைக்குத் தேதி உண்டு.
கலையரங்கத்துக்கு, வளைவுக்கு, சைக்கிள் கொட்டகைக்கு உண்டு.
ரசீதுக் கட்டுகளை இரண்டு நாள் பிரித்துக் கண்டெடுத்தேன்:
எண்பத்து நான்கு மார்ச்,
பெண்கள் கழிப்பறை,
கோப்பை நான்கு, கதவு மூன்று.
நான்காவது கதவு எப்போது வந்ததென்று தெரியவில்லை.

சங்கு இப்போது இல்லை.
மில் இருந்த இடத்தில் பதினாலு மாடி.
நேற்றுச் சேர்ந்தவள் சுபாசினி பெஹெரா,
தகப்பனுக்கு பவுண்டரியில் வேலை.
ஆதாரில் வருசம் மட்டும் இருந்தது.
தேதி கேட்டேன்.
தாய்க்காரி கையை ஆட்டி மழை காட்டினாள்,
நல்ல மழை.
கணினியில் மழைக்கு இடமில்லை.
நானும் ஜூன் ஒன்று என்றே தட்டினேன்.

வரலாறு இரண்டேகால் பக்கம் வந்துவிட்டது.
கால் பக்கத்தை வெட்டச் சொல்லி
அச்சகத்தில் இருந்து மூன்று தடவை போன்.
எதை வெட்டுவது என்று யாரும் சொல்லவில்லை.
ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன்.
வளைவைப் பற்றிய பத்தி
கிட்டத்தட்டக் கால் பக்கம்.